உட்காராத வீரருக்கு முக்காலி தூக்கியவர்களின் மடல்

ஸ்மெதெரெவோ நகரின் செல்லப்பிள்ளையே! டான்யூப் நதிக்கரையின் தளராத தோளே! இடக்கையால் இடி இறக்கி, எதிரி விழுந்த மறுகணம் அதே கையை நீட்டி அவரை எழுப்பிவிடும் தகைமையாளரே! கழுத்தில் விழுந்த பதக்கங்களைவிட விலாவில் வாங்கிய அடிகளை விருப்பத்தோடு விவரிக்கும் விந்தை மனிதரே! எங்கள் டான்யூப் குத்துச்சண்டைக் கழகம் பெற்றெடுத்த ஒரே தேசிய சாம்பியன், ராதிவோய் பெரானிச் அவர்களே!

உங்கள் ஓய்வுக்கு விழா எடுத்து இந்த மடலை வாசிக்க இதற்கு முன் இரண்டு முறை மண்டபம் பிடித்தோம். முதல் முறை காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினீர்கள். அதே மாலை நதிக்கரையில் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு ஓடிக்கொண்டிருந்ததை ஊரே பார்த்தது. இரண்டாம் முறை வாசல்வரை வந்துவிட்டு, உள்ளே மைக் சோதிக்கும் சத்தம் கேட்டதும் சைக்கிளைத் திருப்பினீர்கள். பின்னால் ஓடிவந்து கூப்பிட்டவர்களிடம், "ரிட்டயர் ஆனவனுக்குத்தானேய்யா விழா? நான் எப்ப ஆனேன்?" என்று கேட்டீர்கள்.

ஆகவேதான் இன்று வந்திருக்கிறோம். இன்று உங்கள் குடும்பத்துப் புனிதர் திமித்ரியேவின் நாள். இந்த நாளுக்கு யாரையும் அழைப்பதில்லை. வந்தவரை யாரும் திருப்பி அனுப்புவதுமில்லை. வீட்டுக்காரர் வீட்டைவிட்டு நகரக் கூடாது. விருந்தாளியிடம் முகம் சுளிக்கக் கூடாது. கடைசி ஆள் கிளம்பும்வரை உட்காரவும் கூடாது. இதை ஜிவானாகிய நான் வாசிக்கும்போது ரக்கியா மதுக் கோப்பைகள் அடுக்கிய தட்டோடு, எந்தப் பக்கம் நழுவலாம் என்று நோட்டம் விட்டபடி நிற்பீர்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறோம். நிழல்போல நழுவும் எதிரியை மூலையில் மடக்குவது எப்படி என்று எங்களுக்குக் காட்டித் தந்தவரே நீங்கள்தான். கோபம் வந்தாலும் இன்று எங்களுக்கு முட்டைக்கோஸ் இலையில் கறி பொதிந்த சார்மா பரிமாறித்தான் ஆக வேண்டும்.

அஞ்சாத அரிமாவே! உங்கள் தொழில்முறை வாழ்க்கையை எப்படிச் சொல்வது? அந்நிய ஊர்களில் அந்த ஊர்ப் பையன் ஜெயிப்பதற்காக அழைக்கப்படும் விருந்தாளியாகத்தான் அதைத் தொடங்கினீர்கள். இரும்பாலையில் வேலை முடித்து, ஹீட்டர் வேலை செய்யாத வேனில் எல்லையில் வரிசை நின்று, கால் மரத்துப்போய் இறங்கி, மறுநாள் மேடை ஏறுவீர்கள். கௌரவமாகத் தோற்றுவிட்டு வருவதுதான் உங்களிடம் எதிர்பார்க்கப்பட்டது. லின்ஸ் நகரில் நீங்கள் செய்த காரியம் இன்றும் எங்கள் வேனில் சிரிப்பு மூட்டும். அந்த ஊர்ச் செல்லப்பிள்ளையை ஒரே இடக்கைக் குத்தில் முதல் சுற்றிலேயே படுக்க வைத்தீர்கள். பெரிய மனிதர்கள் வரிசையில் சூப்புகூட இன்னும் பரிமாறவில்லை. ஒருவரும் கை தட்டவில்லை. நம் பயிற்சியாளர் திஹோமிர், நாம் எல்லோரும் திஹோ மாமா என்று அழைப்பவர், துண்டை மடித்துக்கொண்டே சொன்னார்: "ரெண்டு ரவுண்டாவது விட்டு வெச்சிருக்கலாம்டா. இனிமே இந்த ஊர்க்காரன் நம்மளக் கூப்பிடுவானா?"

கூப்பிடவில்லைதான். வேறு ஊர்கள் கூப்பிட்டன. சில இடங்களில் ஜெயித்தீர்கள். சில இடங்களில் ஜெயித்தும் நடுவர்கள் கணக்கில் தோற்றீர்கள். பிறகு நம்மூர் அரங்கிலேயே, அத்தனை ஜனமும் எழுந்து நிற்க, தேசியப் பட்டத்தை இடுப்பில் கட்டினீர்கள். அன்று நாங்கள் அழுததை ஒத்துக்கொள்வதில் எங்களுக்கு வெட்கமில்லை.

ஆனால் எங்கள் தூக்கத்தைக் கெடுப்பது வேறொன்று. அதைச் சொல்லத்தான் வந்தோம், சுற்றிச் சுற்றி வருகிறோம்.

உங்கள் முதல் தொழில்முறைப் போட்டியில், முதல் சுற்று முடிந்து மூலைக்கு வந்தபோது நான் முக்காலியை வைத்தேன். நீங்கள் உட்காரவில்லை. "வேணாம் ஜிவான்ணே, உக்காந்தா எந்திரிக்க மாட்டேன்," என்றீர்கள். அன்று ஜெயித்தீர்கள். அதன் பிறகு அதுவே உங்கள் வழக்கமாகிவிட்டது. எந்த ஊர், எந்த எதிரி, எத்தனை அடி என்று பார்க்காமல், சுற்றுகளுக்கு நடுவே நின்றுகொண்டே தண்ணீர் குடித்தீர்கள். உட்காராத பெரானிச் என்று பத்திரிகைகள் எழுதின. சிவப்புச் சாயம் பூசிய அந்த முக்காலியை எல்லை தாண்டித் தூக்கிப்போய், ஒருமுறைகூட உபயோகிக்காமல் திருப்பிக் கொண்டுவந்தவன் நான். சுற்று நடக்கும்போதெல்லாம் அதைப் பிடித்தபடி நிற்பவனின் படபடப்பு உங்களுக்குத் தெரியாது. உள்ளே அடி வாங்குபவருக்குக் கையில் ஏதோ வேலை இருக்கிறது. எங்களுக்குப் பார்ப்பதைத் தவிர ஒன்றுமில்லை.

சென்ற கோடையில் நோவி ஸாத் நகரில், ஆறாம் சுற்றின் மணி அடித்ததும் நீங்கள் மூலைக்கு வந்து, பின்புறம் கையால் துழாவி, உட்கார்ந்தீர்கள். அரங்கம் அதைக் கவனிக்கவில்லை. நாங்கள் கவனித்தோம். புள்ளிகளில் நீங்கள்தான் முன்னால் இருந்தீர்கள். திஹோ மாமா உங்கள் முன் மண்டியிட்டு ஏதோ கேட்டார், நீங்கள் பதில் சொன்னீர்கள். அவர் எழுந்து நடுவரைப் பார்த்து, போதும் என்று கையசைத்தார்.

அன்றிலிருந்து நீங்கள் அவரோடு பேசுவதில்லை. ஜெயிக்கவிருந்த போட்டியைக் கெடுத்த கிழவன் என்று உங்களுக்கு மனத்தாங்கல். அவர் ஏன் நிறுத்தினார் என்பதை அவர் வாயாலேயே கேட்டோம். "ஜெயிச்சிட்டுத்தான் இருந்தான், தெரியாதா எனக்கு? ஆனா அவன் என் மூஞ்சியப் பாத்துப் பேசலப்பா. என் காதப் பாத்துப் பேசினான்." வலது விழித்திரை கிழிந்திருப்பதை மருத்துவர் கண்டுபிடித்தது அதற்குப் பிறகுதான். லேசர் வைத்து ஒட்டியிருக்கிறது, இன்னொரு நல்ல குத்து விழுந்தால் அந்தக் கண் போய்விடும் என்று அவர் சொன்னபோது, உங்கள் மனைவி யாஸ்னாவும் நானும் பக்கத்தில்தான் இருந்தோம். நீங்கள் தலையாட்டினீர்கள்.

தலையாட்டிய மனிதர் மறுபடி விடியற்காலையில் ஓடுவானேன்? கிராட்ஸ் நகரத்து ஏற்பாட்டாளர் வசந்த காலத்தில் எட்டுச் சுற்றுக்கு உங்களைக் கேட்டிருக்கிறார் என்பது எங்கள் காதுக்கு வந்துவிட்டது. புனிதர் நாள் முடிந்ததும் பதில் சொல்வதாக நீங்கள் சொன்னதும் வந்துவிட்டது. மறுபடி விருந்தாளி. மறுபடி யாரோ வீட்டுப் பையன். கண்ணைப் பற்றி அவரிடம் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று பந்தயம் கட்டுகிறோம். யாஸ்னா எங்களிடம் ஒன்றுதான் கேட்டார்: "நான் சொன்னா பொண்டாட்டி பயப்படுறான்னு நெனைப்பாரு. நீங்க பயப்படுறத ஒருவாட்டி அவர்கிட்ட சொல்லுங்கண்ணே." சொல்லிவிட்டோம். பயமாக இருக்கிறது.

இதோ, கழகத்தின் நினைவுப் பரிசு. கேடயம் இல்லை, கடிகாரம் இல்லை. அந்தச் சிவப்பு முக்காலிதான். சாயம் புதிதாக அடித்திருக்கிறோம். இன்னும் சற்று ஒட்டும், மன்னிக்கவும். திஹோ மாமா தன் கையாலேயே தூக்கி வந்திருக்கிறார். வாசலில் தொப்பியைக் கழற்றாமல் நிற்பவர் அவர்தான். வீட்டுக்காரர் என்ற முறையில் அவருக்கும் ஒரு கோப்பை கொடுத்தாக வேண்டும் என்பதை நினைவூட்டுகிறோம்.

வீரத்தின் விளைநிலமே! பேரப்பிள்ளைகள் பொய் சொல்லும்போது முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கும்படி இரு கண்ணும் துலங்க, முதுமையிலும் முறுக்குக் குறையாமல், யாஸ்னாவோடு நீடு வாழ்க! எங்கள் சிறுவர்களைத் திட்டித் திருத்தும் குரல் தேயாதிருக்க! வேறென்ன வேண்டுவது? இந்த வீட்டில் கடைசி விருந்தாளிகள் நாங்களாகத்தான் இருப்போம். நாங்கள் கிளம்பிய பிறகு உட்கார உங்களுக்கு அனுமதி உண்டு. உட்காருங்கள், ராதோ.

மாறாத அன்புடன்,
ஜிவான், முக்காலி தூக்கி
திஹோமிர், பயிற்சியாளர்
மற்றும் டான்யூப் குத்துச்சண்டைக் கழகத்தார் அனைவரும்

இந்த மடலைக் கண்ணாடிச் சட்டம் போடக் கொடுக்கும் முன் சேர்த்தது: மறுநாள் யாஸ்னா தொலைபேசியில் சொன்னதை அப்படியே எழுதி வைக்கும்படி திஹோ மாமா கேட்டுக்கொண்டார். "எல்லாரும் போனப்புறம் அடுப்படியில அந்த முக்காலியப் போட்டு உக்காந்தாரு அண்ணே. பேன்ட்டெல்லாம் சிவப்புச் சாயம். அப்பப் பாத்து கிராட்ஸ்காரன் ஃபோன் பண்ணான். மணி அடிச்சுது, அடிச்சுக்கிட்டே இருந்துது. எந்திரிக்கல."