கொய்யாக் குருத்து

கேட்டுக் கதவ சாத்திட்டு வாங்கக்கா. காடிய எங்க போட்டீங்க? எங்க வீட்டு முன்னுக்கா? ஐயோ, அங்க வேணாங்க்கா. எடுத்து அந்த மூலையில சீனக்கார ஆ மோய் ஆன்ட்டி வீட்டு மரத்தடியில போடுங்க. வீட்டுக்காரரு சோத்துக்கு வர்ற நேரம். கேட்டு முன்னுக்கு வேற காடி நின்னா யாரு என்னன்னு ஆயிரம் கேள்வி கேப்பாரு. போங்க, நான் இங்கதான் நிக்கிறேன்.

ஆங், இப்ப சரி. உக்காருங்க. நாக்காலியில மண்ணு இருக்கும், தொடச்சிக்கங்க. எதுக்கு இப்படி பயந்து பயந்து பாக்குறீங்க? திருட்டு செடி வாங்கவா வந்திருக்கீங்க? எல்லாமே ஓசிதான்லா. வாட்சப் குரூப்புலயும் அதத்தான போட்டேன். செடி வேணும்னா சிலிபின்ல நவமணி வீட்டுக்கு வாங்க, காசு வேணாம், காலி டின்னு, பேணி இருந்தா கொண்டாங்கன்னு.

காசு குடுத்து வாங்குன செடி இந்த வீட்டுல ஒன்னு காட்டுங்க பாப்போம். அந்த செரை, வாசனப் புல்லு, பாசார்ல கொழம்புக்கு வாங்குனது. போட்டது போக மிச்ச தண்ட தண்ணி கிளாஸ்ல நிக்க வச்சேன், வேர் விட்டுருச்சு. செண்டு பூவு, கோயில்ல கழட்டிப் போட்ட மாலைலேருந்து காஞ்ச பூவா பொறுக்கிட்டு வந்து உதுத்துவிட்டது. காயிதப் பூவு, ரோட்டோரத்துல வெட்டி லோரியில ஏத்துவாங்கள்ல, அவங்ககிட்ட கேட்டு வாங்குன குச்சி. நர்சரிக்கிப் போனா முன்னுக்கு பாக்கவே மாட்டேன். நேரா பின்னுக்குப் போவேன். வாடிப்போச்சுன்னு கடைக்கார தாவுகே தூக்கிப் போட்டதெல்லாம் அங்கதான் கெடக்கும். எடுத்துட்டுப் போன்னு சொல்லிருவான். எல கருகிக் கெடந்தாலும் நான் தண்ட நகத்தால கீறிப் பாப்பேன். உள்ளுக்கு பச்ச தெரிஞ்சா போதும், பொழச்சிக்கும்.

சட்டியா? மைலோ டின்னு, சாயம் டின்னு, ஐஸ்கிரீம் டப்பா. அடியில ஆணியால ஓட்ட போட்டா முடிஞ்சிச்சு.

என்னக்கா, உள்ளுக்கு எட்டி எட்டி பாக்குறீங்க? போட்டோவா? போன தடவ வந்தப்பவும் அதையேதான் பாத்தீங்க. நான் கவனிச்சேன். அப்ப மாலை இருந்துச்சு, இப்ப காணோமேன்னு பாக்குறீங்களா? சொல்றேன், சொல்றேன்.

என் மகதான் அது. தினேஸ்வரி. உசுரோடதான் இருக்கா. வேதக்கார பையன கட்டிக்கிட்டுப் போயிட்டா. அதுக்கு இந்த மனுசன் உசுரோட இருக்குற புள்ள படத்துக்கு மாலை போட்டாருக்கா. தலை முழுகிட்டு வந்து வீட்டுல இருக்குற பூவப் பறின்னாரு. நான் இந்த செடிங்களுக்கு முன்னுக்கு கைய விரிச்சிக்கிட்டு நின்னுட்டேன். நான் ஊத்துன தண்ணியில வளந்த பூவு, என் புள்ளைக்கு சாவு மாலை ஆவக்கூடாது, என்னை மிதிச்சிட்டுப் போயி பறிங்கன்னேன். கைய ஓங்குனாரு. அப்பறம் மோட்டர் சைக்கிள எடுத்துக்கிட்டுப் போயி பிளாஸ்டிக் மாலை வாங்கிட்டு வந்தாரு. வாடாதுல்ல, நல்ல வசதி. அன்னிலேருந்து அந்த மாலைக்கிக் கீழதான் நான் சோறு திங்கிறேன்.

கோவம் இல்லாமயா? வயிறு எரியுதுக்கா. போன் பண்ணக்கூடாது, பேரு சொல்லக்கூடாது, அந்தப் பக்கம் ஒரு எட்டு வச்சா திரும்பி இந்த வீட்டுக்கு வரக்கூடாது. இதுதான் வீட்டுச் சட்டம். நானும் பயந்துக்கிட்டு செடி செடின்னு...

இருங்க, மோட்டர் சத்தம்.

இல்ல. கேஸ் சிலிண்டர் போடுற ஆளு. அவரு மோட்டர் இன்னும் கரகரன்னு கேக்கும். உக்காருங்கக்கா.

உங்க சாமான் எல்லாம் கட்டி வச்சிட்டேன். அந்த நொச்சிய மட்டும் பாத்து கொண்டு போங்க. செமோருக்கு அங்கிட்டு நான் பொறந்த எஸ்டேட்டுல ஒடிச்ச குச்சி அது. லயத்து வீடுங்கள எல்லாம் இடிச்சிட்டு புது வீடு கட்டப் போறானாம், மண்ணு வாருற மிசினு வந்து நின்னுச்சு. ஈர சாக்குல சுத்திக்கிட்டு பஸ் ஏறிட்டேன். நீங்களும் செமோர்தானே? அப்படித்தான் சொன்னீங்க. செமோர்ல எங்கன்னு கேட்டா அந்தப் பக்கம்னு கைய காட்டுனீங்க.

நான் ஒன்னு கேக்குறேன், கோவிச்சிக்காதீங்க. மொதல்ல வந்தப்ப புளிச்சக்கீரை கேட்டீங்க. வீட்டுல ஒரு ஆளுக்கு வாய்க்கு எதுவும் புடிக்கல, புளிப்பாத்தான் கேக்குதுன்னீங்க. சரின்னு குடுத்தேன். போன வாரம் நொச்சி கேட்டீங்க, கொசுவுக்குன்னு. அதுவும் சரி, நொச்சி பொகைக்கி கொசு ஓடும். ஆனா கூடவே ஆமணக்கு இருக்கா, மஞ்ச எல இருக்கான்னீங்க. கொசு என்ன மஞ்ச எலைக்குமா பயப்படுது? அப்பவே எனக்கு சந்தேகந்தான். இருந்தாலும் கேக்கல. எத்தனையோ வீட்டுல புள்ள பெறக்குது, புள்ள பெத்தவளுக்கு எல போட்டு தண்ணி காய வைக்கிறாங்க, நமக்கென்னன்னு வாய மூடிக்கிட்டேன்.

இன்னிக்குக் காலையில மெசேஜ் போட்டீங்க பாருங்க. கொய்யாக் குருத்தும் வேணும், இன்னிக்கே வேணும்னு.

அக்கா, புள்ள பெத்தவளுக்கு ஊத்துற தண்ணியில நொச்சி போடுவாங்க, ஆமணக்கு போடுவாங்க, புளிய எல போடுவாங்க. கொய்யாக் குருத்த எவ போடுவா? எங்க வீட்டுல மட்டுந்தான். எங்க லயத்துப் பக்கம் புளியமரமே கெடையாது. எங்கம்மாவுக்கு வேற வழி தெரியல, பின்னுக்கு நின்ன கொய்யாவ ஒடிச்சுப் போட்டு காய வச்சிருச்சு. அந்த தண்ணியத்தான் தினேஸ்வரிய பெத்துட்டு நான் குளிச்சேன். லயமே சிரிச்சுச்சு. இந்தக் கதைய நான் ஒருத்திகிட்டதான் சொல்லியிருக்கேன். தலைக்கு எண்ண வச்சு விடும்போது, அவ என் மடியில படுத்துக்கிட்டு சிரி சிரின்னு சிரிச்சா.

உங்களுக்கு யாருக்கா சொன்னது?

அழாதீங்க. நீங்க அழுதா நானும் அழுதுருவேன், அப்பறம் நேரம் போயிரும். காடி கண்ணாடியில செபமாலை தொங்குது, பேரு விமலான்னீங்க. பரவால்ல, நான் யாரையும் குத்தம் சொல்லல. என் வீட்டுக்காரரு உங்க வீட்டு வாசல்ல வந்து நின்னு அத்தன பேச்சு பேசிட்டு வந்ததுக்கு, நீங்க பேர மறச்சு இந்த கேட்டுக்குள்ள கால வச்சதே பெருசு. உங்க மகன் லயனல் தம்பியவும் நான் போன்ல படத்துல பாத்திருக்கேன். உங்க மூக்குதான் அவருக்கு.

என்னது? இன்னும் தண்ணியே ஊத்திக்கலியா? பத்து காஜா ஊரு ஆஸ்பத்திரிலேருந்து வந்ததுலேருந்து வெறும் துண்டால தொடச்சிக்கிட்டு படுத்திருக்காளா? பச்ச ஒடம்புக்காரி, என்ன வீம்பு இது! அம்மா வரட்டும்னு சொன்னாளா? சொல்லலியா? ம்... சொல்ல மாட்டா. அப்பன் ரத்தம், வாயத் தொறந்து கேக்க மாட்டா. கொய்யாக் குருத்து மட்டும் கேட்டா. அப்படித்தானே?

போதும்க்கா. எனக்கு அது போதும்.

இந்தா, சத்தம். கேக்குதா? கரகரன்னு. அவரேதான். ரோட்டு முனையில திரும்புறாரு. இல்ல, ஓடாதீங்க! செடி வாங்க வந்தவங்க ஓட மாட்டாங்க. மெதுவா எந்திரிங்க. சைடு கேட்டு வழியா போயி ஆ மோய் ஆன்ட்டி வீட்டுப் பக்கமா வெளிய போயிரலாம், ஆன்ட்டிகிட்ட சொல்லி வச்சிருக்கேன். நொச்சிய நீங்க தூக்குங்க. சாக்கு கனக்கும், அத நான் தூக்கிக்கிறேன்.

மாலையா? அது குப்பத்தொட்டியில கெடக்கு. உங்க மெசேஜ பாத்த ஒடனே நாக்காலி போட்டு ஏறி கழட்டிட்டேன். உள்ளுக்குப் போன ஒடனே அவரு கண்ணு அங்கதான் போவும். பாக்கட்டும். சோறு மேசையில மூடி வச்சிருக்கேன், தின்னுட்டே பாக்கட்டும்.

இல்லக்கா, திரும்பி வர்றத பத்தி இப்ப என்கிட்ட பேசாதீங்க. எனக்கும் பயமாத்தான் இருக்கு. மொதல்ல காடிய எடுங்க.

சாக்கு ஏன் இவ்வளவு கனம்னா கேக்குறீங்க? மேலதான் எலயும் கொய்யாக் குருத்தும். அடியில என் துணிமணி. பச்ச ஒடம்புக்காரிக்கு ஒரு நாளோடயா முடியுது? கதவ சாத்துங்க, சம்பந்தியம்மா. பையனா பொண்ணான்னு மட்டும் இப்ப சொல்லிராதீங்க. நான் போயி தண்ணி ஊத்தும்போது பாத்துக்குறேன்.