ஈரம் எடுக்கும் வேலை

மழைக்காலம் வந்தால் எனக்கு வேலை இரண்டு மடங்காகிவிடும். ஆய்வுக்கூடத்தில் டொலுவீன் என்கிற கரைப்பானைக் காய்ச்சி ஈரம் எடுக்கிறவள் நான். உள்ளே சோடியத் துண்டுகளையும் நிறம் காட்டுகிற ஒரு பொடியையும் போட்டுக் கொதிக்கவிட்டு, அடர்நீலம் வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். நீலம் வந்தால் அதில் பொட்டு ஈரம் இல்லை என்று பொருள். பழுப்புநிறப் பாட்டிலில் பிடித்து, தேதி எழுதி ஒட்டிக் கொடுப்பேன். இருபத்தோரு வருடத்தில் என் பாட்டிலை ஒருவரும் குறை சொன்னதில்லை. அந்தப் பெருமை எனக்கு இன்னும் உண்டு, சிரிக்காதீர்கள் ஐயா.

மாடியில் ஆராய்ச்சி செய்தவள் என் தங்கை. அம்மா போனபோது அவளுக்கு ஏழு வயது, எனக்கு இருபது. வந்த வரன்களையெல்லாம் அவளுக்காகத்தான் தட்டிக்கழித்தேன். "உனக்குப் பிடிக்கலைன்னு சொல்லுக்கா, என்னைச் சாக்கு சொல்லாத" என்பாள். வாய் கொஞ்சம் நீளம்.

அவள் செய்தது பச்சை நிறத்தில் ஒரு குரோமிய அணைவுச் சேர்மம். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். குரோமியத்தைச் சுற்றி வேறு அணுக்கள் பிடித்துக்கொண்டிருக்கும். ஓர் அலுமினியத் திரவத்தைச் சேர்த்தால் ஒரு பக்கம் இடம் காலியாகும். அங்கே எத்திலீன் வாயு வந்து ஒட்டி, ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துக்கொண்டு பிளாஸ்டிக்காக நீளும். இதெல்லாம் என் டொலுவீனுக்குள்தான் நடக்கும், தண்ணீர் பட்டால் எல்லாம் செத்துவிடும். அவளுக்கு முதல் தடவையே பலித்தது. ஒரு பிடி வெள்ளைப் பொடியைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் கொட்டினாள்.

"இன்னும் மூணு தடவை இதே மாதிரி வந்துட்டா, ஒரு வெளிநாட்டுக் கம்பெனில வேலைக்குக் கூப்பிடறாங்கக்கா. கடல் தாண்டிப் போகணும்."

"போயிட்டு வா" என்றேன். மறுநாள் அவளுக்கான பாட்டிலில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டேன்.

தண்ணீர்தான், விஷமில்லை. முன்பின் தெரியாத ஊரில் அவள் தனியாகக் கிடந்து அல்லாடக்கூடாது என்று நினைத்தேன். ஒன்றிரண்டு தடவை சரிவராவிட்டால் மனசு மாறிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் விடாக்கண்டன், நான் கொடாக்கண்டன். இரண்டு வருடம் ஓடியது. அவள் இளைத்துத் துரும்பானாள். "கைராசின்னு ஒண்ணு இருக்கும்மா" என்று பேராசிரியர் எல்லார் முன்னாலும் சொன்ன அன்று, என் மடியில் படுத்து அழுதாள். தலையைக் கோதிவிட்டேன். எனக்கும் அழுகை வந்தது, அதில் நடிப்பு இல்லை.

வாயுவைச் சோதித்தாள், குழாய்களைச் சோதித்தாள், ஊசிகளைக்கூட அடுப்பில் வைத்துக் காயவைத்தாள். என் பாட்டிலை மட்டும் சோதிக்கவில்லை. கூட வேலை செய்தவள் கேட்டதற்கு, "அக்கா குடுத்ததைப் போய் யாராவது சோதிப்பாங்களா?" என்று சிரித்தாளாம். அதைக் கேட்ட அன்றே நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

எங்கிருந்தோ ஈரம் வருகிறது என்பதை மட்டும் பிடித்துவிட்டாள். அலுமினியத் திரவம் அதிகமாக இருந்தால், அது ஈரத்தை முதலில் தின்றுவிட்டு மிச்சத்தில் குரோமியத்தை எழுப்பும். அவள் கூட்டினாள், கொஞ்சம் பொடி வந்தது. நானும் கூட்டினேன். தலைக்கு மேல் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன. டொலுவீன் கொஞ்சம் தண்ணீரைத்தான் தனக்குள் வைத்துக்கொள்ளும். மிச்சம் அடியில் முத்து முத்தாக நிற்கும். பழுப்புப் பாட்டில் என்பதால் வெளியே தெரியாது.

அன்று காலை கீழே இறங்கி என் அறைக்கு வந்தாள். "இன்னிக்கு அலுமினியம் மூணு மடங்கு போடப்போறேன்கா. இதுலயும் வரலைன்னா விட்டுடறேன்."

அந்தத் திரவம் தண்ணீரைக் கண்டால் என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியும். இருபத்தோரு வருடம் அங்கே குப்பை கொட்டியிருக்கிறேன். முதல் நாளே நிரப்பி வைத்த பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன்.

"அடிவரைக்கும் ஊத்திக்கோ. இன்னிக்கு வேற இல்ல" என்றும் சொன்னேன்.

கண்ணாடிக் கலம் வெடித்தது. இரண்டு கண்ணும் போயின, வலது கையில் மூன்று விரல்கள் போயின. அவளுடைய கவனக்குறைவு என்று விசாரணைக் குழு எழுதியது. அவளும் ஒப்புக்கொண்டு கைநாட்டு வைத்தாள்.

போன வாரம் அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு சின்னப் புட்டியில் வெள்ளைப் பொடி வந்தது. அவள் குறிப்பேட்டை வைத்து அங்கே ஒரு பெண் செய்து பார்த்தாளாம். மூன்று தடவையும் வந்துவிட்டதாம். தங்கை மிஞ்சிய விரல்களால் அந்தப் பொடியைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"என் அணைவுல குறையே இல்லக்கா. அப்ப என் கைதான் சரியில்ல" என்றாள்.

என்னால் தாங்க முடியவில்லை. அதனால்தான் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன். குறை அவள் கையில் இல்லை, செய்தது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள். அவளிடம் மட்டும் இதைப் படித்துக் காட்டிவிடாதீர்கள், பாவம், உடைந்துபோவாள். கையெழுத்து எங்கே என்று காட்டினால் போட்டுவிட்டுக் கிளம்புகிறேன். அவளுக்குச் சாப்பாடு ஊட்டும் நேரமாகிறது. என்னை விட்டால் அவளுக்கு வேறு நாதியில்லை.