கிழக்கு டேங்க் தண்ணி

— கிழக்கு டேங்க்ல மிச்சம் இருக்கற தண்ணி மொத்தத்தையும் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்துட்டியா? மொத்தத்தையுமா?

— ஆமாங்க. குடிநீர் வாரியத்துல என் வேலையே அதுதானே. எதுக்கு இப்படி வாயைப் பொளந்துட்டு நிக்கறீங்க?

— அதே தண்ணிய நம்பித்தான் நகரமைப்பு ஆபீஸ்ல நான் முந்நூறு வீட்டுக்கு பிளான் போட்டு வச்சிருக்கேன்! யாருக்கு எந்த வீடுன்னு குலுக்கல் முடிஞ்சு சாவி குடுக்கப் போற நேரம். சரியாப் போச்சு போ.

— அப்பா, மெதுவா! ஹால்ல உங்க மாப்பிள்ளையும் என் குழந்தையும் தூங்கறாங்க. அதோட சாப்பிடற இடத்துல ஆபீஸ் பேச்சு வேற. பேச்சை எடுத்தவங்கதான் கழுவணும், இன்னிக்குப் பாத்திரம் உங்க தலையில.

— கழுவறேன் கண்ணு. மீட்டிங்ல ஊரே என்னைக் கழுவி ஊத்தப் போகுது, அதுக்கு இது ஒத்திகை.

— பதறாதீங்க. முன்னாடியே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?

— எங்கே சொல்றது? இவ ஸ்கூல் படிக்கறப்போ சாக்கடை விஷயமா நாம போட்ட சண்டையில, தட்டைத் தூக்கிட்டுப் பக்கத்து வீட்ல போய் சாப்பிட்டா. அன்னையிலேர்ந்து ரெண்டு ஆபீசையும் செருப்போட சேத்து வாசல்லயே விட்டுட்டு வர்றோம்.

— நான் போட்ட சட்டம்தான். அதுக்கப்புறம்தான் இந்த வீட்ல சோறு நிம்மதியா இறங்குச்சு.

— நிதானமா யோசிங்க. ஆஸ்பத்திரியக் கட்டித் தண்ணி இல்லாமப் பூட்டி வச்சிருக்காங்க. பிரசவ வலியோட பொம்பளைங்க அடுத்த ஊருக்கு ஓடறாங்க. அவங்களுக்கு இல்லேன்னு எப்படிச் சொல்றது?

— ஆஸ்பத்திரி வேணாம்னா சொன்னேன்? அந்த முந்நூறு குடும்பமும் வாடகை வீட்டைக் காலி பண்றதாச் சொல்லிட்டாங்களே! போய்க் குழாயத் திறந்தா காத்து வந்துச்சுன்னா என் சட்டையைப் பிடிக்க மாட்டாங்களா? ஸ்கூலு, பஸ்ஸு எல்லாம் அந்தப் பக்கம் ஜனம் வந்தாத்தான் வருவேங்குது. ஆமா, ஆஸ்பத்திரிக்காரங்க எவ்வளவு கேட்டாங்க?

— அது வந்து... பாதி.

— பாதியா? கேட்டது பாதி, குடுத்தது முழுசா? நீ ஒரு சொட்டைக்கூட அளக்காம விட மாட்டியே!

— நாளைக்கு அவங்களும் பெருசாவாங்கன்னு...

— என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு.

— குலுக்கல்ல நம்ம பொண்ணு பேரும் வந்துச்சுல்ல. மக வீட்டுக்குத் தண்ணியத் திருப்பிட்டான்னு ஒருத்தர் வாயிலயும் வந்துடக் கூடாதுன்னு பயந்துட்டேங்க. அந்த வீடுகளுக்கும் இதே டேங்க்தான்னு தெரியும். தெரிஞ்சேதான் மொத்தத்தையும் ஆஸ்பத்திரிப் பக்கம் தள்ளிட்டேன்.

— அடக் கடவுளே. சரி, விடு. பாதியத் திருப்பி எழுது. நான் முன் பிளாக்குக்கு மட்டும் சாவி குடுத்துடறேன். பின்னாடி ரெண்டு பிளாக்கும் அடுத்த டேங்க் கட்டற வரைக்கும் பொறுக்கட்டும்.

— பாதி இருந்தா, முறை வச்சு விட்டா மூணு பிளாக்குக்கும் ஓடுமே. நீங்களே போட்ட பிளான்தானே, உங்களுக்குத் தெரியாதா? பின்னாடி எதுக்கு நிறுத்தறீங்க?

— ஒரு இதுக்குத்தான்.

— எதுக்கு? இவ வீடு அங்கே இருக்குன்னா?

— நீ மட்டும்தான் பயப்படுவியா? எனக்கும் ஆபீஸ்ல நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க.

— அப்பா, அந்தத் தட்டைக் கீழ வைங்க. பாத்திரத்தை நான் கழுவறேன். சட்டத்தையும் இன்னையோட எடுத்துட்டேன். ரெண்டு பேரும் இங்கேயே உக்காந்து ஆபீஸ் பேச்சப் பேசி முடிங்க.

— கோவமாம்மா? உன் வீடு எங்கேயும் ஓடிடாது. கொஞ்சம் லேட்டாகும், அவ்வளவுதான்.

— எனக்கென்னப்பா, ஹால்ல பாய் விரிச்சுப் படுத்துப் பழகிடுச்சு. குலுக்கல்ல பின் பிளாக்ல வீடு கிடைச்ச மத்தவங்க யாரும் உங்க பொண்ணு இல்லையே, அவங்களுக்கு எதுக்குப்பா தண்டனை?