விருந்து முடியட்டும்

எங்கள் தோட்ட ஆபீசில் ஒரு தபால்பை உண்டு. காக்கித் துணிப் பை, வாயில் பித்தளைப் பூட்டு. அதன் சாவி பதினெட்டு வருஷமாக என் இடுப்பில் இருக்கிறது. ஒரு நாள்கூட நான் அதைத் தொலைத்ததில்லை. என்னைப் பற்றி வேறு எதைச் சொன்னாலும் சொல்லுங்கள், ஆபீஸ் கணக்கு எழுதும் உமாபதி கிராணி பொறுப்பில்லாதவன் என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது.

தலைவர் சிவானந்தம் அவர்களுக்கும் நிதிக் குழுவினருக்கும் இதை என் கைப்பட எழுதித் தருகிறேன். போன வாரம் நான் லீவில் இருந்தபோது எனக்குப் பதிலாக ஆபீசில் உட்கார்ந்த சேது, என் அலமாரியில் ஒரு கடிதத்தைக் கண்டெடுத்து உங்களிடம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். அமராவதி பெயருக்குப் போன வருஷம் வந்த கடிதம். அது ஏன் என்னிடம் இருந்தது என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் முதலிலிருந்து வரிசையாகத்தான் சொல்வேன். பாதியில் கேட்டால் என்னைத் திருடன் என்று நினைத்துவிடுவீர்கள். நிதிப் பணத்தில் ஒரு சென்ட்கூட நான் தொட்டதில்லை, அது உங்களுக்கே தெரியும்.

தோட்டத்துப் பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப ஒரு நிதி திரட்டுவோம் என்று 1984இல் நீங்கள் எல்லோரும் கூடிப் பேசினீர்கள். பேசி முடித்ததும், அலைகிற வேலைக்கு மட்டும் ஆள் இல்லை. நான் செயலாளர் ஆனேன். கலும்பாங்கிலிருந்து ரவாங் வரை கடை கடையாக ஏறினேன். எத்தனை தோட்டம், எத்தனை பிள்ளை, எத்தனை பேர் மேலே படிக்க முடியவில்லை என்று பெரிய தாளில் கட்டம் போட்டுக் கொண்டுபோனேன். பத்தாங் காலி ஊரில் நாற்காலி மேசை விற்கிற நம்மாள் ஒருவர், வாசு முதலாளி, தாளைப் பார்க்கவே இல்லை. ஐந்து வெள்ளி நோட்டு ஒன்றை நீட்டினார். "கதவ சாத்திட்டுப் போங்க லா, ஏர்கோன் வெளிய போகுது" என்றார். அதே வாரம் கோயில் தீமிதிக்கு இரண்டாயிரம் கொடுத்துக் கல்லில் பெயர் வெட்டிக்கொண்டார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. காட்டிக்கொள்ளவில்லை. மோட்டார் சைக்கிளில் வீடு வந்து சேரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டே வந்தேன். தாடை இரண்டு நாள் வலித்தது.

பிறகு நீங்களே என்னைப் பெட்டாலிங் ஜெயாவுக்கு அனுப்பினீர்கள். பல்கலைக்கழகங்களுக்கு நிதி திரட்டுபவர்களுக்கான மூன்று நாள் பயிற்சி, தலைமைத்துவமும் நிர்வாகமும். நடத்தியவர் லீலாவதி என்ற அதிகாரி. தேநீர் நேரத்தில் என் பெயர் அட்டையைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே சொன்னார்: "எஸ்டேட் கிராணியா? நீங்கள்லாம் ஆர்டர் எடுத்தே பழகினவங்க. லீட் பண்றது கொஞ்சம் கஷ்டம்தான்." நானும் சிரித்தேன். அன்றிலிருந்து அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். எண்ணிக்கைக்காக யாரும் பணம் தர மாட்டார்கள், ஒரு முகத்துக்காகத் தருவார்கள். அந்த முகத்தை நடுவில் மாற்றக் கூடாது. கஷ்டமான முடிவைத் தலைவன் தனியாக எடுக்க வேண்டும், குழுவின் தலையில் போடக் கூடாது. நோட்டு இன்னும் இருக்கிறது. வேண்டுமானால் பார்க்கலாம்.

எங்கள் லயத்து வரிசை வீடுகளிலேயே அந்த முகம் இருந்தது. அமராவதிக்கு அப்பா இல்லை. அம்மா இராஜம்மா செம்பனை மரத்தடியில் உதிரிப் பழம் பொறுக்குகிறவள். பிள்ளை, பல்கலைக்கழகம் போவதற்கு முந்திய ஆறாம் படிவப் பரீட்சையில் இந்த வட்டாரத்திலேயே முதலாவதாக வந்திருந்தாள். பல்கலைக்கழகத்துக்கு மனுப் போட்டிருந்தாள், இடம் கிடைத்தாலும் போக வழியில்லை. அவளை வேனில் ஏற்றிக்கொண்டு அதே கடைகளுக்குப் போனேன். பேசச் சொன்னேன். வாசு முதலாளி அழுதார். அழுதுகொண்டே செக் எழுதினார். ஐந்து வெள்ளி கொடுத்த அன்றைவிட அந்தக் கண்ணீரைப் பார்த்தபோதுதான் எனக்கு அதிகமாக எரிந்தது. அந்தப் பிள்ளை என் தாளிலும் இருந்தாள், கட்டத்துக்குள்ளே ஓர் எண்ணாக. அன்று அவருக்குக் கண் தெரியவில்லை.

போன வருஷம் ஜூன் மாதம் கோலசிலாங்கூர் மண்டபத்தில் நிதிக்காக முதல் விருந்து. சாப்பிட வருகிறவர்களுக்கு மேசைக்கு இவ்வளவு என்று நாற்பது மேசை விற்றாகிவிட்டது. அமராவதி மேடையில் பேசுவாள் என்று அழைப்பிதழில் அச்சடித்தாகிவிட்டது. பன்னிரண்டு நாள் இருக்கும்போது தபால்பையில் அவள் பெயருக்கு ஒரு பழுப்பு உறை வந்தது.

அரசாங்கக் கடிதம் வந்தால் நான்தான் பிரித்துப் படித்துச் சொல்வேன். லயத்தில் பாதிப் பேருக்கு மலாய் வாசிக்க வராது, அவர்களே கேட்டு ஏற்படுத்திய வழக்கம். அமராவதிக்கு வாசிக்கத் தெரியும். கைப்பழக்கத்தில் பிரித்துவிட்டேன். பல்கலைக்கழகத்தில் அறிவியல் படிக்க இடம். கூடவே முழு உபகாரச் சம்பளம். பதினான்கு நாளுக்குள் பதில் எழுத வேண்டும்.

யோசித்துப் பாருங்கள். எல்லாம் கிடைத்துவிட்ட பிள்ளையை மேடையில் ஏற்றி யாரிடம் என்ன கேட்பது? விருந்து முடியட்டும் என்று நினைத்தேன். முடிந்த பிறகும் இரண்டு நாள் மிச்சம் இருந்தது, அதையும் கணக்குப் பார்த்துத்தான் வைத்தேன். உறையில் வந்த தேதியை முத்திரை குத்தினேன். கிழிக்கவில்லை, எரிக்கவில்லை. நல்ல செயலாளர் எந்தக் காகிதத்தையும் அழிப்பதில்லை. அந்த முத்திரையை வைத்துத்தான் சேது என்னைக் கண்டுபிடித்தான் என்பதில் எனக்கு வருத்தம் இல்லை.

விருந்து நன்றாக நடந்தது, நீங்களும் சாப்பிட்டீர்கள். கை கழுவும் இடத்தில் வாசு முதலாளி என் தோளைத் தட்டினார். "அடுத்த வருஷமும் இந்தப் பிள்ளையையே கொண்டு வாங்க கிராணி, மனசு உருகிப் போச்சு" என்றார். பலரும் மாதாமாதம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த இரண்டு நாளும் கடிதம் என் சட்டைப் பையில்தான் இருந்தது. கொடுக்கத்தான் நினைத்தேன். மூன்றாவது நாள் அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

அமராவதி அதற்குப் பிறகும் ஒரு மாதம் தினமும் காலையில் ஆபீஸ் வாசலுக்கு வந்தாள். "ஐயா, கடுதாசி ஏதும் வந்துச்சுங்களா?"

"இன்னும் வரல லா. வந்தா நானே வீட்டுக்குக் கொண்டாந்து தர மாட்டனா?"

அவளுடைய ஆசிரியர் மேல்முறையீடு செய்யச் சொன்னாராம். நானே உட்கார்ந்து நல்ல மலாயில் எழுதி, அவளிடம் கையெழுத்து வாங்கினேன். அதுவும் அந்த அலமாரியில்தான் இருக்கிறது. சேது சரியாகத் தேடவில்லை.

நான் பொய் சொல்லி ஊரை ஏமாற்றினேன் என்கிறீர்கள். நான் அவளிடம் சொன்னது அந்த ஒரு வரிதான். மற்றதையெல்லாம் நீங்களே சொல்லிக்கொண்டீர்கள். நம் தமிழ்ப் பிள்ளைக்கு அரசாங்கத்தார் இடம் கொடுக்க மாட்டார்கள் என்று கூட்டத்தில் மேசையைத் தட்டியவர் நீங்கள், சிவானந்தம் ஐயா. நான் வாயைத் திறக்கவில்லை. இவ்வளவு நல்ல தேர்ச்சி பெற்ற பிள்ளைக்கு ஒரு பதில்கூட ஏன் வரவில்லை என்று பல்கலைக்கழகத்துக்கு யாராவது ஒரு போன் செய்தீர்களா? தபால் ஆபீசில் ஒரு வார்த்தை விசாரித்தீர்களா? இல்லை என்றால் இல்லை என்று உடனே நம்பிவிடுகிற ஜனம் நாம். கேட்டுப் பார்க்க வேண்டும் என்றே யாருக்கும் தோன்றவில்லை. அந்தக் கோபத்தில் வந்த பணம், இரக்கத்தில் வந்ததைவிட அதிகம். நினைத்தால் எனக்கு உங்கள் எல்லோர் மீதும் வெறுப்பாக இருக்கிறது.

பதினோரு பிள்ளைகள் இன்று நம் நிதியில் படிக்கிறார்கள். ஒரு பிள்ளையா, பதினோரு பிள்ளையா? உங்களில் யாரிடம் கேட்டிருந்தாலும் இரண்டு மாதம் கூட்டம் போட்டுத் தேநீர் குடித்திருப்பீர்கள். நான் ஒரே நாளில் முடிவெடுத்தேன்.

அமராவதி ஆகஸ்டில் மருந்து அடிக்கும் வேலைக்குப் போனாள். வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் நல்லசாமியிடம் சொல்லி நான்தான் பெயர் பதிய வைத்தேன். முதுகில் களைக்கொல்லித் தொட்டியைச் சுமந்து, செம்பனை நிரைகளில் புல்லுக்கு அடிக்க வேண்டும். கையுறை கொடுத்தார்கள், அதில் ஓட்டை. ஏழெட்டு மாதத்தில் நகங்கள் மஞ்சளாகி, வலது கையில் இரண்டு விழுந்துவிட்டன. இந்த வருஷச் சுவரொட்டிக்கு அந்தக் கைகளைத்தான் படம் எடுத்தேன். பேனா பிடித்த கை என்று கீழே எழுதினேன். படம் எடுக்கும்போது கையைப் பாவாடைக்குள் மறைத்தாள். "மேசை மேல வைம்மா, வெட்கப்படாத" என்று நயமாகத்தான் சொன்னேன். ஐம்பத்தைந்து மேசை விற்றிருக்கிறது. அந்தப் படம் நன்றாக இருக்கிறது என்று முதலில் சொன்னவர்களும் நீங்கள்தான்.

இந்தச் சனிக்கிழமை அவள் பேச வேண்டியதையும் நானே எழுதிப் பழக்கிவிட்டேன். மறுபடியும் மனுப் போட்டிருக்கிறேன் என்று ஒரு வரி சேர்த்திருந்தாள். அதை அடித்துவிட்டேன். கேட்பவர்களுக்கு நம்பிக்கை வந்துவிட்டால் கை பைக்குள் போகாது.

இப்போது நீங்கள் கேட்டதற்கு நேரான பதில். கடிதத்தை மறைத்தது நான்தான். தெரிந்தே மறைத்தேன். என்னைச் செயலாளர் பதவியிலிருந்து நீக்குவதானால் நீக்குங்கள், போலீஸுக்குச் சொல்வதானாலும் சொல்லுங்கள். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டு விசாரித்த நீங்கள், இன்று புதன்கிழமை வரை அமராவதியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விருந்து முடியட்டும், பிறகு பக்குவமாகச் சொல்லலாம் என்று தலைவர் சொன்னாராம். நான் குறை சொல்லவில்லை. நிர்வாகம் என்றால் அதுதான்.

அதனால்தான் உங்களிடம் மனம் விட்டு இதையும் எழுதுகிறேன். அவளுக்கு இந்த வருஷமும் பழுப்பு உறை வந்திருக்கிறது. நான் லீவு முடிந்து வந்த அன்று பையில் இருந்தது. அதே படிப்பு, அதே உபகாரச் சம்பளம். பதில் போய்ச் சேர வேண்டிய கடைசி நாள் இந்த வெள்ளிக்கிழமை. உறையை இத்துடன் இணைக்கவில்லை, பத்திரமாக என்னிடம் இருக்கிறது. விருந்து முடியட்டும். ஞாயிறு காலை நானே லயத்துக்குப் போய் அவள் கையில் கொடுக்கிறேன். பிரித்துப் பார்க்கும்போது அந்தப் பிள்ளையின் முகத்தை நான் பார்க்க வேண்டும். அவளுக்காக இவ்வளவு தூரம் அலைந்தவன் நான் ஒருவன்தான்.