சமரச மையத்தின் கழிப்பறைச் சாவி

ஐயா, வந்தவருக்கு முதலில் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்பது நான் மூன்றாம் வகுப்பில் கற்றது. சமரச மையத்தில் பதினோரு ஆண்டுகளாக அதில் தவறியதில்லை. ஆளுக்கொரு பெரிய குவளை தண்ணீர். அரை மணிக்கொரு தேநீர். கழிப்பறைச் சாவி மட்டும் ஏன் என் சட்டைப்பையிலேயே இருந்தது என்று தாங்கள் கேட்டிருக்கிறீர்கள். விளக்குகிறேன்.

ஆத்திரத்தை அடக்கலாம், மற்றதை அடக்க முடியாது என்பார்கள். சமரசம் என்பது ஆத்திரத்தை அடக்கும் வேலை. அதற்கு அந்த மற்றதைத் துணைக்கு அழைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். நீதிமன்றத்தில் ஒன்பது ஆண்டு இழுக்கும் வழக்கு என்னிடம் இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. யார் பக்கம் நியாயம் என்று நான் பார்ப்பதில்லை. நடுவருக்கு அது அழகல்ல. யாருக்கு அவசரம் என்று மட்டும் பார்ப்பேன். ஒருமுறை இருவருக்கும் சேர்ந்தாற்போல் அவசரம் வந்து, வேலித் தகராறு ஒன்று நாலே நிமிடத்தில் தீர்ந்தது. ஆளுக்காள் விட்டுக்கொடுத்ததில் அந்த வேலி இன்றுவரை யாருடையதும் இல்லை.

எழுந்து வெளியே போனால் பேச்சு முறிந்ததாகக் கொள்ளப்படும் என்ற விதியைச் சுவரில் ஒட்டியவனும் நானே.

என் மேல் இப்போது புகார் கொடுத்திருக்கும் தையற்கார அம்மாளுக்கு, தகப்பனார் விட்டுப்போன வீட்டின் முன்னறை வேண்டும். தையல் இயந்திரம், படுக்கை, பிழைப்பு எல்லாம் அங்கேதான். முழு வீடும் தனக்கே என்றார் தம்பி. காகிதங்களைப் பார்த்தால் அம்மாள் பக்கம்தான் வலு. ஆனால் அவருக்குச் சர்க்கரை நோய். தம்பியோ தொலைதூரப் பேருந்து ஓட்டுநர். எட்டு மணி நேரம் இருக்கையை விட்டு எழாமல் பழகியவர்.

“ஜாக்கெட் தைக்க ஒரு அறையா, அக்கா? மரத்தடியில உக்காந்தா ஊசி ஓடாதா?” என்றார் தம்பி.

“உன் கல்யாணச் சட்டையே அந்த அறையில தைச்சதுதான்டா. அப்ப மட்டும் இனிச்சுதோ?” என்ற அம்மாள் என் பக்கம் திரும்பினார். “சார், அந்தச் சாவி…”

“இதோம்மா. மனுவில இந்த ஒரு பத்தி வாசிச்சு முடியட்டும்.”

பத்தி நீளமானது. நானும் நிறுத்தி வாசிக்கிறவன்.

அவர் சாவி கேட்டது பன்னிரண்டு மணிக்கு. பன்னிரண்டே காலுக்கு, பாதி அறை போதும் என்றார். பன்னிரண்டரைக்கு, ஜன்னலோரம் இயந்திரம் வைக்குமளவு இடம் விட்டால் போதும் என்றார். நான் அவருக்கு இன்னொரு தேநீர் ஊற்றினேன்.

“முழுசும் நீயே எடுத்துக்கடா. நல்லா இரு. சார், எங்க கையெழுத்து போடணும்?”

நாலு இடத்தில் என்றேன். நாலாவது முடிந்ததும் சாவியைக் கொடுத்தேன்.

வேண்டுமென்றே வைத்திருந்தேனா என்றால், ஆம். அம்மாள் இப்போது யாரோ ஒருவர் வீட்டு மாடிப்படிக்கு அடியில் தைக்கிறார் என்பதும் உண்மை. வற்புறுத்தினேன் என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். தீர்ப்பு கேட்டு நீதிமன்றத்திலிருந்து வெளியே வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்; ஜெயித்தவர் முகத்தில்கூடக் களை இருப்பதில்லை. அம்மாள் அன்று உள்ளே போய்த் திரும்பி வந்தபோது அவர் முகத்தில் இருந்த நிம்மதியை, ஐயா, நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எந்த நீதிமன்றம் அப்படியொரு நிம்மதியைக் கொடுத்திருக்கிறது?