ஒரு கையால் விளையாட

ஈப்போவில் ஒரு கணினிக் கடை. எனக்கு முன்னால் நின்ற பெரியவர் கடைக்காரத் தம்பியிடம் அகலத்திரை லேப்டாப் ஒன்றைக் காட்டி, "தம்பி, இதுல ஒரு கையால கேம் விளையாடலாமா?" என்று கேட்டார்.

"கஷ்டம் அண்ணே. ஆபீஸ் வேலைக்கும் ஆகும், கேமும் நல்லா ஓடும். ஆனா வலது கை மவுஸ்ல, இடது கை பட்டன்ல இருக்கணும்லா. பேட்டரியும் ஒரு மணி நேரம்தான்."

"ஆஸ்பத்திரில பிளக் இருக்கு. மகனுக்கு டயாலிசிஸ், நாலு மணி நேரம். ஊசி குத்தியிருக்கிற இடது கைய அசைக்கக் கூடாது. இனிமே போமாட்டேன், செத்தாலும் பரவால்லங்கிறான்."

நான் மனத்துக்குள் முருகனைக் கூப்பிட்டேன்.

"பக்கத்துலதான் உக்காந்திருப்பேன். இடது கை வேலைய நான் பாக்குறேன். எந்தப் பட்டன்னு காட்டு," என்றார் பெரியவர்.

தம்பி நான்கு பட்டன்களைக் காட்டினார். பெரியவர் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார்.

"எத்தன நாளைக்கு அண்ணே?"

"கிட்னி கெடைக்கிற வரைக்கும்லா."