ஒத்தச் செரட்டை முக்கு

ரோடும் லைட்டும் எட்டிப் பாக்காத காலத்துல, வெள்ளோடைத்துறையில ரொசாலின்னு ஒருத்தி அப்பம் சுட்டு வித்தாளாம். எங்க தாத்தாவுக்கு அக்கா. வாய் பொல்லாதது, மனசு அப்பத்து நடுவு மாதிரி மெத்துன்னு இருக்குமாம்.

அப்போ பெரிய சண்டை. காசு அடிக்கிற செம்பெல்லாம் சண்டைக்குப் போயிருச்சுன்னாங்க. சில்லறையே கிடையாது. அப்பம் ஒண்ணு காலணா. ஓரணா குடுத்து மூணு வாங்குனா மீதிக்கு ரொசாலி எங்க போவா? தேங்காச் செரட்டைய வட்ட வட்டமா வெட்டினாளாம். எழுத்து தெரியாதுல்லா, அவனவன் வள்ளத்து அடையாளத்தக் கம்பியக் காய்ச்சிச் சுட்டாளாம். "இந்தா வில்ல. கொண்டாந்தா ஒரு அப்பம். பேச்சு மாறமாட்டேன்"ன்னாளாம்.

பட்டாளத்துக்குப் போற அன்னிக்கு இன்னாசி வந்தான். மிக்கேலம்மாவுக்கு ஒத்தப் புள்ள. மூணு அப்பம் தின்னான். தூண்டி முள் போட்ட வில்லைய மடியில முடிஞ்சான். "யக்கா, வந்து திம்பேன், எடுத்து வை"ன்னானாம்.

சண்டை முடிஞ்சுது. சில்லறை வந்துது. ரொசாலி வீடு வீடாப் போயி, அப்பத்தக் குடுத்து வில்லையச் சேத்தா. எல்லாம் வந்துது, தூண்டி முள் மட்டும் வரல.

"மிக்கேலம்மா, அவன் இனி வரமாட்டான், கோயில்ல அவனுக்குப் பூசை வச்சிரு"ன்னு ஊர்ல சொன்னாங்க. அவ கேப்பாளா? தெனம் விடிஞ்சதும் கடைக்கு வருவாளாம்.

"வில்ல வந்துதா?"

"வரல சித்தி."

"அப்போ எம்புள்ள வாரான்."

போயிருவா. ரொசாலியும் தெனம் மொத அப்பத்த எலையில மூடி வைப்பா. ஒரு நாளா, ரெண்டு நாளா? வருசக்கணக்கா!

ஒருநா காலையில நொண்டிக்கிட்டு ஒருத்தன் வந்தானாம். வெளியூர்க்காரன். வில்லைய நீட்டினான். தூண்டி முள்ளு.

"இன்னாசி குடுத்தான். பர்மாக் காட்டுல எம்மடியிலதான் கண்ண மூடுனான். 'எனக்காக நீ போயித் தின்னு'ன்னான். காலு தேறி வர இம்புட்டு நாளாச்சும்மா."

ரொசாலி திரும்பிப் பாத்தா. பக்கத்துலயே மிக்கேலம்மா நிக்கிறா! வில்லைய வாங்கித் தடவிப் பாத்தா. அழல. "ரொசாலி, மூடி வச்சத எடு"ன்னாளாம். அவன உக்கார வச்சு, பிச்சுப் பிச்சு ஊட்டினாளாம். "மெதுவாத் தின்னு மக்கா. எம்புள்ள ரொம்ப நாளாப் பசியோட கெடந்தான்." அதுக்கப்புறந்தான் அழுதாளாம்.

வில்லையக் கடை நெலையில ஆணி அடிச்சு வச்சாங்க. அந்தத் தெருமுனைதான் ஒத்தச் செரட்டை முக்கு. அங்க யாரு அப்பம் சுட்டாலும் மொத அப்பத்த விக்கமாட்டாங்க. மொகந்தெரியாம வர்ற மொத ஆளுக்கு அது. காசு நீட்டிப் பாருங்க, கோவம் வந்துரும்.

"இன்னாசி குடுத்தாச்சு, தின்னு"ம்பாங்க.